வயலைத் தொடாத வாய்க்கால்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு தனி அமைதி உண்டு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெரு விட்டுத் தெரு நீளும் வீட்டில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. சுவர்கள் கனமானவை, தெருச் சத்தம் உள்ளே வராது. காரைக்குடிக்குப் பக்கத்தில் அப்படியொரு வீட்டில் ஐம்பத்தெட்டு வயது ஆச்சி ஒருவர் தலையணையில் வலது கன்னத்தை வைத்துப் படுக்கிறார். காதுக்குள் சத்தம் கேட்கிறது. விட்டுவிட்டுத் தண்ணீர் இறைப்பதுபோல ‘உஸ்... உஸ்...’ என்று. எழுந்து போய்ப் பார்க்கிறார். மோட்டார் ஓடவில்லை. திரும்ப வந்து படுத்து மணிக்கட்டில் விரலை வைக்கிறார். நாடி துடிக்கும்போதெல்லாம் அந்தச் சத்தமும் வருகிறது.

இந்த ஆச்சி தனி ஒருவர் அல்ல. இந்தச் சத்தத்தோடு வருபவர்கள் சொல்லும் புகாரைச் சேர்த்து நான் வரைந்துகொண்டவர். ஆனால் புகார் கற்பனை அல்ல. காது மூக்குத் தொண்டை மருத்துவர்களிடம் இதைச் சொல்லி, அழுக்கை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, வயதானால் காது இரையும் என்ற பதிலோடு திரும்பியவர்கள் உண்டு. சாதாரணக் காது இரைச்சலை நோயாளி மட்டுமே கேட்பார். நாடியோடு துடிக்கும் இரைச்சல் அப்படியல்ல. ஸ்டெதஸ்கோப்பைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்தால், சிலருக்கு மருத்துவரின் காதிலும் அதே சத்தம் விழும். மண்டையோட்டைத் திறக்காமல் உள்ளே உள்ள ரத்தக் குழாயை ஆராய்வதில் மிகப் பழைய வழி இதுதான். இதற்குப் படம் வேண்டாம், பொறுமையான காது போதும்.

ஏன் சத்தம் வருகிறது என்பதைச் சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு விளக்குவது எளிது. இது கண்மாய்களின் நாடு. மழைநீர் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வரும். மடையைத் திறந்தால் வாய்க்காலில் ஓடும். வாய்க்கால் கிளை பிரிந்து, கிளை மறுகிளை பிரிந்து, கடைசியில் வயலில் பரவி நிற்கும். அங்கே வேகம் இல்லை. பயிர் உறிஞ்சியது போக மிச்சம் வடிகாலில் இறங்கும். ஒழுங்காக ஓடும் வாய்க்காலுக்குச் சத்தம் கிடையாது. தண்ணீர் எங்கே சளசளக்கும்? எங்கே கரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் பாய்கிறதோ அங்கே. இரவில் வரப்பில் நடக்கும் நீர்பாய்ச்சி, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் உடைப்பைக் கண்டுபிடித்துவிடுவார்.

மூளைக்கும் இதே ஏற்பாடுதான். நம் எடையில் 2 விழுக்காடுதான் மூளை, ஆனால் இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 விழுக்காட்டை, நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லிலிட்டரை, அது வாங்கிக்கொள்கிறது. கழுத்தின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு தமனிகள் மேலே ஏறுகின்றன. மூளையின் அடியில் அவை கைகோத்து ஒரு வளையமாகின்றன. ஒரு வாய்க்கால் அடைத்துக்கொண்டால் இன்னொன்று கைகொடுக்கும்படி அமைந்த வளையம். ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664-ல் எழுதிய மூளை உடற்கூறு நூலில் இதைத் தெளிவாகக் காட்டினார். அந்த நூலுக்குப் படம் வரைந்து தந்தவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். கட்டடம் கட்டுகிறவரின் கண்ணுக்குத்தான் அந்த வளையம் அழகாகத் தெரிந்திருக்கிறது.

வளையத்திலிருந்து பிரியும் தமனிகள் கிளைவிட்டு நுண்நாளங்களாகின்றன. ஒரு நுண்நாளத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சிவப்பணுக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக நெளிந்துதான் போக முடியும். நம் கணக்கில் இதுதான் வயல். ரத்தம் இங்கே வேகம் இழக்கிறது, அழுத்தம் இழக்கிறது, ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுக் கறுத்துச் சிரைகளில் வடிகிறது. தமனியில் 90 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டி இருந்த சராசரி அழுத்தம் சிரைக்கு வரும்போது பத்து வாக்கில் இறங்கிவிடும். சிரையின் சுவர் மெல்லியது. வயலைக் கடந்து வரும் அமைதியான நீருக்காகவே கட்டப்பட்ட வடிகால் அது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் ரத்தக் குழாய்க்கும் நரம்பு என்றுதான் பெயர், உணர்ச்சியைக் கடத்தும் இழைக்கும் நரம்பு என்றுதான் பெயர். ஊசி போடும் நர்ஸ் “நரம்பு கிடைக்கலையே” என்பது சிரையைத்தான். “தலையில நரம்பு வெடிச்சுப் போச்சு” என்றால் தமனி உடைந்துவிட்டது என்று பொருள். இதனால் ‘நரம்புக் கோளாறு’ என்று கேட்டதும் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. இந்த அத்தியாயத்தில் வருவதெல்லாம் குழாய். தண்ணீர் ஓடும் குழாய்.

அந்தக் குழாய்கள் பல விதமாகப் பிழைபடுகின்றன. கரையில் ஓரிடம் மெலிந்து வெளியே புடைத்தால் அது அனியூரிசம். பிறவியிலேயே தமனியும் சிரையும் நடுவில் நுண்நாளம் இல்லாமல் சிக்குப் பிடித்த நூற்கண்டுபோலப் பின்னிக்கொண்டால் அது தமனி-சிரைப் பின்னல். மூளைக்குள் அல்லாமல் மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில், பெரும்பாலும் நடுவயதுக்கு மேல், தமனியொன்று பெருஞ்சிரைக்குள் நேராகத் திறந்துகொண்டால் அது உறைப் புழைவழி. கடைசி இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: வாய்க்கால் வயலைத் தொடாமலே வடிகாலில் விழுகிறது. மெல்லிய வடிகாலில் முழு வேகத் தண்ணீர். ஆச்சிக்குக் கேட்கும் சத்தம் அதுதான். காதுக்குச் சற்றுப் பின்னால் மண்டையோட்டின் உள்பக்கத்தை ஒட்டி ஒரு பெருஞ்சிரை வளைந்து போகிறது. உறைப் புழைவழி அடிக்கடி அமையும் இடமும் அதுவே.

இதை எப்படிப் பார்ப்பது?

போர்த்துகீசிய மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1927-ல் லிஸ்பனில் முதல் வழியைக் கண்டார். கழுத்துத் தமனிக்குள் எக்ஸ் கதிரை மறைக்கும் உப்புக் கரைசலைச் செலுத்தி, அது மூளைக்குள் பரவும் நொடியில் படம் எடுப்பது. முதலில் ஸ்ட்ரான்சியம் புரோமைடைப் பயன்படுத்தினார், நோயாளி ஒருவர் இறந்தார். பிறகு சோடியம் அயோடைடுக்கு மாறினார், தமனிகள் படத்தில் விழுந்தன. மோனிசுக்கு 1949-ல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காக அல்ல, மூளையின் முன்பகுதி இழைகளை அறுக்கும் ஓர் அறுவைக்காக. அந்த அறுவையை உலகம் பின்னால் வருத்தத்தோடு கைவிட்டது. இந்தப் படம் நிலைத்தது. இடையில் தோரியம் கலந்த ஒரு சாயமும் புழக்கத்துக்கு வந்தது. படம் அற்புதமாக விழுந்தது. அது கதிரியக்கம் உள்ள பொருள், உடலை விட்டு வெளியேறாமல் ஈரலிலேயே தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகத் திரும்பியது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949-லும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950-லும் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியபோது, மூளையின் ரத்தக் குழாயைப் பார்க்க வேண்டும் என்றால் கழுத்துத் தமனியில் நேராக ஊசியை ஏற்றுவதே வழக்கம். 1953-ல் ஸ்வீடனின் செல்டிங்கர் கம்பி வழியாகக் குழல் செலுத்தும் முறையைக் காட்டிய பிறகு ஊசி தொடைக்கு இறங்கியது, இன்று மணிக்கட்டு வழியாகவும் செய்கிறார்கள். மிகவும் பாதுகாப்பான முறைதான். ஆனாலும் தமனிக்குள் குழல் போகிறது. குழலின் நுனியிலிருந்து ஒரு சிறு ரத்தக்கட்டி பிரிந்து மேலே போனால் பக்கவாதம். நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கும் என்றாலும், வெறுமனே பார்ப்பதற்காக அந்த விலையைக் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி மருத்துவர்களை விடவே இல்லை.

உடைக்காமல் உள்ளே பார்க்க வேண்டும் என்ற ஆசை காரைக்குடிக்குப் புதிதல்ல. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை, ஊரார் சொல்லும் ‘சிக்ரி’யை, எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு நெடுங்காலமாக நடக்கும் ஆய்வுகளில் ஒன்று துருப்பிடித்தல். கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பி துருப்பிடிக்கிறதா என்று அறியத் தூணை உடைக்க வேண்டியதில்லை. மேற்பரப்பில் ஓர் ஒப்பீட்டு மின்முனையை வைத்து, உள்ளே உள்ள கம்பிக்கும் அதற்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை அளந்தால் போதும். கம்பியை யாரும் பார்க்கவில்லை. கம்பியில் நடப்பது வெளியே காட்டும் அடையாளத்தைத்தான் பார்க்கிறார்கள். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூளைப் படங்களும் அப்படித்தான். அவை எதிலும் குழாயின் சுவர் நேராகத் தெரிவதில்லை. சுவருக்குள் ஓடுவது ஏதோ ஒரு விதத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. எந்தக் கருவி எந்த விதத்தைப் பிடிக்கிறது என்று தெரிந்தால்தான் படத்தைப் படிக்க முடியும்.

முதலில் சி.டி. இதில் கையிலுள்ள சிரையில் ஓர் ஊசி மட்டும். அயோடின் கலந்த சாயத்தை நொடிக்கு 4, 5 மில்லிலிட்டர் வேகத்தில் இயந்திரம் செலுத்தும். உடம்பு முழுக்க ஒரு சூடு பரவும். சாயம் இதயத்தைத் தாண்டி மூளைக்கு ஏற ஏறக்குறைய 20 நொடி ஆகும். சிரைகள் நிரம்பத் தொடங்க இன்னும் சில நொடிதான். அந்த இடைவெளிக்குள் தலையைச் சுற்றிக் கதிர்க்குழாய் சுழன்று முடித்துவிட வேண்டும்.

சுழன்று எடுத்தவை எல்லாம் நிழல்கள். நிழல்களிலிருந்து உருவத்தை எப்படி மீட்பது? இங்கேதான் நம்மவர் இருவர் வருகிறார்கள், அவர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

தூண்கள் நிறைந்த ஒரு பெரிய வளவு பூட்டிக் கிடக்கிறது என்று வையுங்கள். உள்ளே போக முடியாது. நான்கு புறமும் சன்னல்கள் உண்டு. ஒரு பக்கம் விளக்கைப் பிடித்தால் எதிர்ச் சுவரில் தூண்களின் நிழல் விழுகிறது. நிழல் இங்கே என்றால், தூண் அந்தக் கோட்டில் எங்கோ நிற்கிறது என்பது மட்டும் தெரியும், தூரம் தெரியாது. ஒரு தாளில் அந்தக் கோடு முழுவதையும் கரியால் இழுவுங்கள். வேறொரு சன்னலிலிருந்து இன்னொரு நிழல், இன்னொரு கோடு. பல திசைகளிலிருந்து இழுவிக்கொண்டே போனால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்கள் கறுத்து நிற்கும். அங்கே தூண். ஆனால் ஒவ்வொரு தூணைச் சுற்றியும் இழுவிய கரி மிச்சம் இருக்கிறதே, அதனால் தாள் முழுக்க மங்கல். தூண் போன்ற தடித்த பொருளுக்கு அது பரவாயில்லை. ஒரு மில்லிமீட்டர் தமனி அந்த மங்கலில் காணாமல் போய்விடும்.

ஜி.என். ராமச்சந்திரன் எர்ணாகுளத்தில் பிறந்தவர், சி.வி. ராமனின் மாணவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தை 1954-ல் கிண்டி வளாகத்திலிருந்து உலகுக்குச் சொன்னவர். தோலும் தசைநாணும் மட்டுமல்ல, தமனியின் சுவரே கொலாஜன் தாங்கித்தான் நிற்கிறது. அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிழலை இழுவுவதற்கு முன், ஒவ்வொரு நிழலின் இரு ஓரங்களிலும் கணக்காக ஓர் எதிர்மதிப்பைச் சேர்த்துவிடுங்கள் என்றது அது. கரிக்கோட்டின் இரு பக்கமும் வெள்ளை ரப்பர் வைத்து இழுப்பதுபோல. பல திசைகளிலிருந்து அப்படி இழுவும்போது, கரிகள் கூடும் இடத்தில் தூண் நிற்கும். மற்ற இடங்களில் கரியும் ரப்பரும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மங்கல் போய்விடும். வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-லேயே இதற்கு இணையான வழியைக் கண்டிருந்தார்கள். ராமச்சந்திரனின் வழி சிக்கலான ஃபூரியர் மாற்றங்களைத் தவிர்த்து, அன்றைய சிறிய கணினிகளுக்கும் எளிதாகும் கூட்டல் பெருக்கலாக வேலையைச் சுருக்கியது.

அதே 1971-ல், அக்டோபர் 1 அன்று, லண்டனின் விம்பிள்டனில் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அது வேறொரு கணித வழியில் நடந்தது, ஒரு தளத்துக்குப் பல நிமிடங்கள் பிடித்தது. பின்னால் வந்த வேகமான கருவிகள் வடிகட்டி இழுவும் முறைக்கு மாறின. 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் இயற்பியலாளர் கார்மாக்குக்கும் நோபல் கிடைத்தது. ராமச்சந்திரன் பெயரும் லட்சுமிநாராயணன் பெயரும் அந்த வடிகட்டியில் ஒட்டிக்கொண்டன. அதன் பெயர் ‘ராம்-லாக்’. உலகின் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் ஒரு மாணவர் மேட்லேப் மென்பொருளில் நிழலிலிருந்து உருவம் மீட்கும் கட்டளையைத் தட்டினால், வேறு எதையும் குறிப்பிடாதபோது கணினி தானாக எடுத்துக்கொள்ளும் வடிகட்டி ராம்-லாக்தான். தமிழ்நாட்டில் தினம் சி.டி. எடுத்துக்கொள்ளும் ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பள்ளிப் பாடத்தில் இது இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தலையில் இடி விழுந்தாற்போல, வாழ்நாளில் அதுவரை வராத தலைவலி நொடியில் வந்தால் சி.டி.தான் முதல் வேலை. அனியூரிசம் வெடித்துக் கசிந்த ரத்தத்தை, வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் எடுத்த படம் அநேகமாகத் தவறவே விடாது. நேரம் ஆக ஆக ரத்தம் கரைந்து, படமும் ஏமாற்றத் தொடங்கும். காரைக்குடியிலிருந்து மதுரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். தைலம் தடவி விடியட்டும் என்று காத்திருந்தால் அந்த 6 மணி நேரத்தில் பாதி வீட்டிலேயே கழிந்துவிடும்.

ஆச்சிக்கு அவசரம் இல்லை. அவருக்குத் தேவை எம்.ஆர்.ஐ.

“ஆச்சி, சங்கிலியில ஊக்கு தொங்குதுல்ல, அதைக் கழட்டிக் கொடுத்துருங்க.”

“தாலியையும் கழட்டணுமாப்பா?”

“தங்கத்தைக் காந்தம் இழுக்காது ஆச்சி. ஊக்குதான் பறக்கும். ஆனா நகை எதுவும் உள்ள போகக் கூடாதுன்னு விதி. மக கையில கொடுத்துட்டு மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டு வாங்க.”

நம் பெண்கள் தாலிச் சங்கிலியில் மாட்டிவைக்கும் இரும்பு ஊக்கு, எம்.ஆர்.ஐ. அறையில் உண்மையாகவே ஆபத்து. 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப் புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியது, அது ஒருபோதும் அணைக்கப்படுவதில்லை. ஆச்சியின் காதில் பஞ்சு அடைப்பான் வைத்து உள்ளே அனுப்புகிறார்கள். கருவி ‘டடடட’ என்று கத்தத் தொடங்குகிறது. பல மாதங்களில் முதல்முறையாகத் தன் காதின் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை.

இனி நடப்பதில் ஊசியே கிடையாது, சாயமும் கிடையாது. தண்ணீர் மூலக்கூறுகளில் உள்ள ஹைட்ரஜன் கருக்கள் அந்தக் காந்தத்தில் நொடிக்கு ஏறக்குறைய 6 கோடியே 40 லட்சம் முறை தலையாட்டுகின்றன. அதே அதிர்வெண்ணில் வானொலித் துடிப்பை அனுப்பினால் அவை சாய்ந்து, திரும்பி எழும்போது சமிக்ஞை தருகின்றன. ஒரே தளத்தை ஒரு நொடியில் முப்பது நாற்பது முறை விடாமல் தட்டினால், அங்கேயே இருக்கும் மூளைத் திசு எழுந்திருக்க நேரம் இல்லாமல் ஓய்ந்துவிடும். அதன் சமிக்ஞை மங்கும். ஆனால் ரத்தம் அங்கேயே இருப்பதில்லை. கீழேயிருந்து இன்னும் தட்டு வாங்காத புது ரத்தம் உள்ளே வருகிறது, பளிச்சென்று தெரிகிறது. இருண்ட மூளையில் தமனிகள் மட்டும் வெள்ளிக் கொடிகளாக எழுகின்றன. ஓட்டமே இங்கு சாயம்.

இதன் பலவீனமும் அதே இடத்தில்தான். மெதுவாகச் சுழலும் ரத்தம் தளத்துக்குள்ளேயே தங்கித் தானும் ஓய்ந்துவிடும். பெரிய அனியூரிசத்தின் அடிவயிற்றில் தேங்கிச் சுற்றும் ரத்தம் படத்தில் விழாமல் போகலாம், புடைப்பு இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியலாம். படத்தில் இல்லை என்றால் குழாய் இல்லை என்று பொருள் அல்ல, வேகமான ஓட்டம் இல்லை என்று பொருள்.

ஆச்சியின் படத்தில், கருமையாக இருக்க வேண்டிய வலது பெருஞ்சிரைக்குள் ஒரு வெளிச்சம். அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகச் சிறு வெளிச்சங்கள். சிரையில் தமனி வேகம்.

அடுத்த கேள்வி திசை. புழைவழியில் விழுந்த ரத்தம் பெருஞ்சிரையோடு சேர்ந்து ஒழுங்காகக் கழுத்துக்கு இறங்கினால் இரைச்சலைத் தவிரப் பெரிய கெடுதல் இல்லை. வடிகால் நிரம்பித் தண்ணீர் வயலுக்குள் எதிர்த்து ஏறுவதுபோல, மூளை மேற்பரப்புச் சிரைகளுக்குள் அது பின்னோக்கி ஏறினால் மூளைக்குள் ரத்தம் கசியும் அபாயம் கூடிவிடும், காத்திருக்கக் கூடாது. ஒரே நோய், இரண்டு தலையெழுத்து. கட்ட வேகப் படம் என்ற முறை இதற்கு உதவும். காந்தச் சரிவின் வழியே நகரும் கருக்கள் வேகத்துக்குத் தக்கபடி கட்டம், அதாவது தலையாட்டும் தாளம், பிசகும். அந்தப் பிசகை அளந்தால் வேகமும் திசையும் கிடைக்கும். எதிர்பார்க்கும் வேகத்தை முன்கூட்டியே கருவியிடம் சொல்ல வேண்டும். குறைத்துச் சொல்லிவிட்டால், பழைய சினிமாவில் ஜட்கா வண்டிச் சக்கரம் பின்னால் சுழல்வதுபோல, முன்னே ஓடும் ரத்தம் பின்னே ஓடுவதாகத் தெரியும். திசையை நம்பி முடிவெடுக்கும் இடத்தில் இது சின்னத் தவறல்ல.

மூன்றாவது அடையாளம் ஆக்சிஜன். அதற்கு இன்னொரு தமிழரை நினைக்க வேண்டும். வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவின் கூட்டாளி என்றே பலரும் அறிவோம். டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் அவர் படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை எவ்வளவு முறுக்கிக்கொள்கின்றன என்று அளந்து காந்த ஏற்புத்திறனை நுணுக்கமாக ஆராய்ந்தார். அதே பண்பு ரத்தத்திலும் உண்டு என்று 1936-ல் அமெரிக்காவில் பாலிங்கும் கோரியெலும் காட்டினார்கள். ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினைக் காந்தம் மிக மெலிதாக விலக்குகிறது, ஆக்சிஜனை இறக்கிவைத்த ஹீமோகுளோபினை ஈர்க்கிறது. எம்.ஆர்.ஐ.யில் இந்தப் பண்பைப் பிடிக்கும்படி படமெடுத்தால் ஆக்சிஜன் இழந்த சிரைகள் கருங்கோடுகளாக விழும். தமனிகள் அப்படிக் கறுப்பதில்லை.

தமனிக்குள் குழல் செலுத்திச் சாயம் விட்டு எடுக்கும் குழலாஞ்சியோ ஒருபோதும் காட்டாத ஒன்றை இந்தப் படம் காட்டும். கேவர்னோமா என்ற ரத்தக் குழாய்க் கொத்தில் ஓட்டம் அநேகமாக இல்லை. சாயம் அதற்குள் போவதே இல்லை, ஆகவே உலகத்திலேயே சிறந்த குழலாஞ்சியோவிலும் அது வெறும் வெற்றிடம். ஆனால் அது அவ்வப்போது கசிந்த பழைய ரத்தத்தின் இரும்பு சுற்றிலும் படிந்திருக்கும். காந்தப் படத்தில் கரும்பொட்டாக நிற்கும். 200 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம். உடலுக்குள் குழல் போகும் முறைதான் எப்போதும் உயர்ந்தது என்ற நம்பிக்கையை இந்தச் சிறு கரும்பொட்டு உடைத்துவிட்டது.

ஆச்சியின் படத்தில் நிலைமை நேர் எதிர். மற்றச் சிரைகள் கருப்பு, வலது பெருஞ்சிரை மட்டும் வெளுப்பு. அங்கே ஓடுவது ஆக்சிஜன் குறையாத ரத்தம். எந்த வயலுக்கும் பாயாமல் வந்த ரத்தம்.

கடைசிப் படம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜான் டெட்ரேயும் தோழர்களும் 1992-ல் எலி மூளையில் காட்டிய முறை. கழுத்தில் ஏறும் ரத்தத்தின் தண்ணீரையே வானொலித் துடிப்பால் தலைகீழாக்கி அடையாளம் இடுகிறார்கள். மஞ்சள் பொடியைத் தூவி வாய்க்காலில் விட்டு எங்கே போகிறது என்று பார்ப்பதுபோல, ஆனால் தூவுவது எதுவும் இல்லை. ஏறக்குறைய 2 நொடி காத்திருக்கிறார்கள். சரியான மூளையில் அந்த அடையாளத் தண்ணீர் நுண்நாளங்களில் பரவித் திசுவுக்குள் ஊறிவிடும். சிரைக்கு ஒன்றும் வந்து சேராது, வருவதற்குள் அடையாளமே அழிந்துவிடும். ஆகவே சிரை இருண்டிருக்க வேண்டும். 2 நொடிக்குள் சிரை ஒளிர்ந்தால் காரணம் ஒன்றே, தண்ணீர் வயலுக்குள் இறங்காமல் குறுக்கே வந்திருக்கிறது. ஆச்சியின் வலது காதுக்குப் பின்னால் ஒரே ஓர் ஒளித்திட்டு. மேற்பரப்புச் சிரைகளில் ஒளி இல்லை. பின்னோக்கி ஏறவில்லை.

ஊசி அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. குழலாஞ்சியோ நொடிக்குப் பல படங்களாக, எந்தத் தமனி முதலில் நிரம்புகிறது என்பதுவரை காட்டும். அந்தக் கூர்மை இன்னும் வேறு எதற்கும் வரவில்லை. சிகிச்சையும் அந்தக் குழல் வழியாகவே நடக்கிறது. மாறியது என்ன என்றால், சந்தேகத்துக்காகக் குழல் போன காலம் போய், செய்ய வேண்டியது தெரிந்த பிறகு குழல் போகும் காலம் வந்திருக்கிறது. பிறந்த குழந்தைக்கு அதுவும் வேண்டாம். உச்சிக்குழி மூடாத வரை அதன் வழியாகவே அல்ட்ராசவுண்டு வைத்து, மூளை நடுவில் சிரை ஊதிப்போயிருக்கும் பிறவிப் பிழையைக் காணலாம். பெரியவர்களுக்கும் நெற்றிப்பொட்டு எலும்பு மெலிந்த இடத்தில் ஒலியலையைச் செலுத்தித் தமனியின் வேகத்தை அளக்கும் வழியை 1982-ல் ரூனே ஆஸ்லிட் காட்டினார். கட்டில் பக்கத்திலேயே செய்யலாம், விலையும் குறைவு.

எளிதாகிவிட்டதால் வேறொரு கஷ்டம் முளைத்திருக்கிறது. முழு உடல் பரிசோதனை என்று போய்த் தலையையும் படமெடுத்துக்கொள்கிறார்கள். நூறு பெரியவர்களில் மூவருக்கு வாக்கில் வெடிக்காத அனியூரிசம் இருக்கும், அவற்றில் பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. 3 மில்லிமீட்டர் புடைப்பு என்று அறிக்கையில் படித்தவர் அன்றிலிருந்து குனிந்து கோலம் போடப் பயப்படுகிறார். குடையின் கம்பிகளைப்போல விரிந்து ஒரே தண்டில் சேரும் சிரை அமைப்பு ஒன்று உண்டு. பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் அந்தப் பகுதி மூளைக்கு அதுதான் ஒரே வடிகால், தொட்டால்தான் ஆபத்து. குடும்பத்தில் ரத்த உறவில் இருவருக்கு அனியூரிசம் வெடித்திருந்தாலோ, பரம்பரைச் சிறுநீரக நீர்க்கட்டி நோய் இருந்தாலோ ஊசியில்லாத இந்தப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். மற்றவர்கள் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, புகையை விட்டால் அதுவே பெரிய காப்பு.

ஆச்சிக்குத் தூக்கம் கெட்டு உடம்பு மெலிந்துகொண்டிருந்தது, ஆகவே சிகிச்சைக்குச் சம்மதித்தார். தொடை வழியாக ஏறிய குழல், புழைவழியில் ஒரு பசைத் திரவத்தை இறக்கி அடைத்தது. ஓராண்டு கழித்து மறுபடி ஊக்கைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கழுத்தில் அடையாளமிட்டு, 2 நொடி காத்திருந்து எடுத்த படத்தில் மூளை முழுக்க மெல்லிய ஒளி ஊறியிருந்தது. வலது காதுக்குப் பின்னால் இருட்டு.